காம்பில்லாத மிளகாய்

இயந்திரம் மிளகாய் பறிக்க வேண்டுமென்றால் முதலில் மாற வேண்டியது இயந்திரம் இல்லை, செடி. இதை எங்கள் முதலாளிக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. அவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர். பெருமாநல்லூர் தாண்டி அவருக்குப் பூர்வீகத் தோட்டம் இருக்கிறது. அங்கே மிளகாய் போட்டால் பறிக்க ஆள் கிடைப்பதில்லை, ஏனென்றால் ஆட்களையெல்லாம் காலையில் கம்பெனி வேன்கள் ஊர் ஊராக வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுகின்றன. அதில் அவருடைய வேனும் ஒன்று. இந்த வேடிக்கையை அவரிடமே ஒருமுறை சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"வெளிநாட்டுல மிசின் இருக்குதாமுங்க அம்மிணி. ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா சோலி முடிஞ்சுதுங்களே" என்றார்.

முடியாது என்றேன். அந்த இயந்திரத்தில் முறுக்குக் கம்பி போன்ற இரண்டு நீளத் தண்டுகள் எதிரெதிராகச் சுழலும். செடியைக் கீழிருந்து மேலாகக் கோதி, பழத்தை உதிர்த்துக்கொண்டு போகும். அதற்குச் செடி ஒற்றைத் தண்டாக நிமிர்ந்து நிற்க வேண்டும், தரையை ஒட்டிக் கிளை இருக்கக் கூடாது. பழங்கள் ஒரே சமயத்தில் சிவக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தட்டினால் பழம் மட்டும் கழன்று விழ வேண்டும், காம்பு செடியிலேயே நின்றுவிட வேண்டும். நம் சம்பா மிளகாயிடம் இதில் ஒரு குணமும் கிடையாது. அது படுத்துப் பரவும், மாசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுக்கும், இழுத்தால் காம்பும் கிளையும் சேர்ந்து வரும்.

அது மிளகாயின் தப்பில்லை. காட்டு மிளகாய் தொட்டால் உதிரும், குருவி கொத்திக்கொண்டு போய் விதையைப் போடும். மனிதர்கள் பயிர் செய்ய ஆரம்பித்தபோது உதிர்கிற செடியை ஒதுக்கி, பறிக்கிறவரைக்கும் பிடித்துக்கொண்டு நிற்கிற செடியின் விதையையே திரும்பத் திரும்ப எடுத்து வைத்தார்கள். அத்தனை தலைமுறை பாடுபட்டுச் செய்ததில் பாதியைப் பிரித்துப்போடத்தான் முதலாளி எனக்குச் சம்பளம் கொடுத்தார். விதைக் கம்பெனி என்று ஒரு பலகையும் மாட்டினார். ஆராய்ச்சியாளர், மேலாளர், காவல்காரர் எல்லாம் நான்தான்.

தோட்டத்து வேலியோரம் தானாக முளைத்திருந்த ஒரு குட்டிக் காட்டு மிளகாயை எடுத்துச் சம்பாவோடு கலந்தேன். மொட்டு விரிவதற்கு முன்னால் இடுக்கியால் பிரித்து, மகரந்தப் பைகளைக் களைந்து, அதன் சூல்முடியில் வேறு பூவின் மகரந்தத்தைத் தடவி, தேனீ புகாமல் பஞ்சு சுற்றிவிட வேண்டும். கண்ணும் கழுத்தும் வலிக்கிற வேலை. முதல் தலைமுறைச் செடிகளில் பழம் அழகாக உதிர்ந்தது. எடுத்து அமுக்கினால் சதை ஊறுகாய் மாதிரி குழைந்தது. காயப்போட்டால் அழுகியது. உதிர்கிற குணமும் சதை குழைகிற குணமும் ஒட்டிப் பிறந்தவை. அது ஒரே மரபணு செய்கிற வேலையா, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு மரபணுக்களின் வேலையா என்பது படித்தவர்கள் பேசித் தீர்க்கட்டும். எனக்கு ஒன்றை விட்டு ஒன்று வேண்டியிருந்தது, அதுதான் கிடைக்கவில்லை.

அடுத்தடுத்த தலைமுறைகளில் நிமிர்ந்து நிற்கிற செடி கிடைத்தது. ஒன்றாகப் பழுக்கிற செடியும் கிடைத்தது. சதை கெட்டியாக இருந்தால் காம்பு விடாது, காம்பு விட்டால் சதை குழையும் என்பது மட்டும் மாறவேயில்லை. பனியனுக்குச் சரக்கு அனுப்பும் தேதி பழகிய முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "இந்த சீசனுக்குள்ள ஒரே ஒரு செடியாச்சும் காட்டிப்போடுங்க அம்மிணி. இல்லீன்னா தோட்டத்தக் கொடௌனுக்கு விட்டர்லாம்னு இருக்கறனுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இந்தப் பக்கத்தில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதையும் மரியாதையாகத்தான் செய்வார்கள்.

அந்தச் சமயத்தில் என்னோடு தினமும் நின்ற ஆள், தோட்ட வேலைக்கு வந்த ஒரே ஒரு அக்கா. சாத்தூர்ப் பக்கம் சொந்த ஊர். சின்ன வயதில் அங்கே மிளகாய் பறித்தவர். அந்த எரிச்சலிலிருந்து தப்பித்து, கல்யாணமான கையோடு திருப்பூர் வந்து, ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தார். தைத்து வரும் பனியனை விளக்குக்குக் கீழே விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் தேடுகிற வேலை. வருடக்கணக்கில் தேடித் தேடிக் கண் மங்கிவிட்டது. பார்வை பத்தவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை. கணவர் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, லைன் வீட்டில் தனியாக இருக்கிறார். கடைசியில் மிளகாய் பறிக்கவே வந்து சேர்ந்தார்.

என்னை மேடம் என்பார். பாத்தியை லைன் என்பார், செடியை பீஸ் என்பார். முதலில் சிரித்தேன், பிறகு நானும் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டேன். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கொடுத்த வேலை முடிந்ததும் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்து, "அடுத்து என்ன வேலை மேடம்?" என்று நிற்பார். கொஞ்சம் உட்காருங்கள் என்றால் உட்கார மாட்டார். "கை சும்மா இருந்தா சூப்பர்வைசர் கண்ணு நம்ம மேலதான் விழும்" என்பார். சூப்பர்வைசரே இல்லாத தோட்டத்தில் அவருக்கு நான்தான் வேலை தேட வேண்டியிருந்தது.

சுத்தமான சம்பா விதைக்கென்று ஒரு பாத்தி தனியாக இருந்தது. அதில் மற்றவை போல இல்லாத செடி தலைகாட்டினால் பிடுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் விதை கலந்துவிடும். இந்த வேலையை அக்காவிடம் விட்டேன். கண் மங்கினாலும் ஒவ்வொரு செடிக்கும் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், இலை நுனி வேறு, காய் தொங்குகிற கோணம் வேறு, தண்டில் ஊதா ஓடுகிறது என்று ஒன்று விடாமல் பிடுங்கினார். செக்கிங்கில் இருந்தவருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வேறு மாதிரி இருந்தால் அது டேமேஜ், அவ்வளவுதான்.

பக்கத்துப் பாத்திகளில் என் கலப்புச் செடிகள். ஒரு சனிக்கிழமை வெயிலில் அங்கே நடந்துகொண்டிருந்தபோது, ஒரு செடியில் கை பட்டு ஒரு பழம் என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. காம்பு செடியிலேயே நின்றது. பழத்தின் தலையில் வட்டமாக, சுத்தமாக ஒரு துளை. அமுக்கிப் பார்த்தேன். கெட்டி. இன்னொன்றைத் தட்டினேன், அதுவும் விழுந்தது, அதுவும் கெட்டி. அது காட்டு மிளகாயின் உதிரலாக இருக்க முடியாது, இருந்தால் சதை குழைந்திருக்கும். சம்பாவில் வேறொரு மரபணு ஒளிந்திருந்திருக்க வேண்டும். ஒற்றையாக இருந்தவரைக்கும் வெளியே தெரியாமல் கிடந்து, அப்பா பக்கமிருந்து ஒன்றும் அம்மா பக்கமிருந்து ஒன்றும் சேர்ந்து வந்ததால் இந்தச் செடியில் முகம் காட்டிவிட்டது. அப்படித்தான் இன்றுவரை நினைக்கிறேன். பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்டிலிருந்து ஒரு நீலத் துணியைக் கிழித்துச் செடியில் கட்டினேன். பழம் இன்னும் ஒரு வாரம் செடியிலேயே நன்றாக முற்றட்டும், பிறகு விதை எடுக்கலாம் என்று அப்படியே விட்டேன்.

திங்கட்கிழமை நான் வேலையாகக் கோயம்புத்தூர் போய் இரண்டு நாள் தங்க வேண்டியிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் அந்த இடத்தில் ஒரு குழி.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவரைக் கூப்பிட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "வரப்போரம் புடுங்கிக் கெடந்ததுங்க. நோவு விழுந்த செடியாட்ட இருக்குதுன்னு மத்த குப்பையோட ஒட்டுக்காத் தீ வெச்சுப்போட்டனுங்க" என்றார். இலை சுருண்ட செடியைப் பிடுங்கி எரிப்பது தோட்டத்து வழக்கம். அவரைக் குறை சொல்ல முடியாது. சாம்பலைச் செருப்பால் கிளறிப் பார்த்தேன். சாம்பலில் என்ன இருக்கும்.

தோட்டத்தில் செடி பிடுங்குகிற ஆள் அக்கா மட்டும்தான். அவர் வந்து நின்றார். எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கிவிடும். ஏன் பிடுங்கினீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். திங்கட்கிழமை சம்பா பாத்தி சீக்கிரம் முடிந்துவிட்டது, அடுத்து என்ன வேலை என்று கேட்க நான் இல்லை, சும்மா உட்காரக் கூடாதே என்று பக்கத்து லைனையும் செக்கிங் செய்திருக்கிறார். சரி, துணி கட்டியிருந்த செடியை ஏன் தொட வேண்டும்?

"அதுல மார்க் போட்டிருந்துச்சே மேடம்" என்றார். "நல்ல பீஸுக்கு யாராச்சும் மார்க் போடுவாகளா? டேமேஜுக்குத்தான அம்புக்குறி ஒட்டுவாக. அதுக்கேத்த மாதிரி பழமும் தொட்டா கழண்டுச்சு. நீங்க பாத்து வச்ச டேமேஜ், மறந்துட்டு ஊருக்குப் போயிட்டீகன்னு நெனச்சேன்."

கம்பெனியில் நூறு பனியனில் தொண்ணூற்றொன்பதை ஒன்றும் செய்யாமல் அனுப்புவார்கள், கெட்டுப்போன ஒன்றில்தான் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். நானோ பாத்தி முழுக்க நிற்கிற செடிகளை விட்டுவிட்டு, வேண்டிய ஒன்றில்தான் துணி கட்டுவேன். அவர் செய்தது அவர் தொழிலில் சரியான வேலை. அது புரிந்ததால் துக்கம் குறையவில்லை. வேப்பமரத்தடிக்குப் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன்.

முதலாளிக்கு விஷயம் போனது. அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு மாதிரி இருந்தது. "அந்தம்மாளுக்கு இது எதுக்குன்னு தெரியுமுங்களா?" தெரியும் என்றேன். இயந்திரம் வரப்போகிறது என்பதை அக்காவிடம் நான் மறைத்ததில்லை, காம்பு கழல வேண்டும் என்பதைத்தான் விளக்கிச் சொல்லவில்லை. "அப்பறம் என்னுங்க. மிசின் வந்தா அவுங்க பொழப்புப் போயிருமில்லீங்க. வேணும்னே புடுங்கியிருப்பாங்க. இனி வர வேண்டாம்னு சொல்லிப்போடுங்க அம்மிணி." வேண்டுமென்றே செய்யவில்லை என்று எவ்வளவோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, "கொடௌன் பார்ட்டி அடுத்த வாரம் வாராங்க, நீங்களும் வேற எடம் பாத்துக்குங்க" என்று முடித்தார். ஒரு செடியோடு இரண்டு பேர் வேலையும் போனது.

இதைப் போனில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருடைய லைன் வீட்டுக்குப் போனேன். ஞாயிறு என்றால் லைன் வீடு முழுக்கத் துணி துவைக்கிற சத்தம். ஒரு வீட்டில் இந்திப் பாட்டு, ஒரு வீட்டில் கோழி வேகிற வாசனை. அக்கா வாசலில் ஒரு பழைய துணியில் வரமிளகாயைப் பரப்பி வைத்துக்கொண்டு, நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியால் காம்பை நறுக்கிக்கொண்டிருந்தார். நாளைக்கு மில்லில் கொடுத்துத் தூள் திரிக்க வேண்டுமாம். உட்காரச் சொல்லி ஸ்டூல் போட்டார், டீத்தண்ணீர் வைக்க உள்ளே போனார்.

நான் வந்த விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தபடி ஒரு மிளகாயை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தேன். அதில் காம்பு இல்லை. நறுக்கியதாக இருந்தால் தலையில் காம்பின் அடித் தொப்பி மிஞ்சியிருக்கும். இதில் தொப்பியும் இல்லை. வட்டமாக, சுத்தமாக ஒரு துளை.

"அக்கா" என்றேன். உள்ளே கேட்கவில்லை போல. இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

வெளியே வந்தவருக்கு என் கையைப் பார்த்ததும் முகம் மாறிப்போனது. "மேடம், எடுக்கணும்னு எடுக்கல" என்றார். "பழத்தோட செடியை எப்பிடிப் பிடுங்கிப் போட? எங்க ஊர்ல செய்ய மாட்டாக. பழத்தையெல்லாம் உதிர்த்து மடியில கட்டிட்டுத்தான் பிடுங்குனேன். டேமேஜ்தானன்னு வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். நீங்க அன்னைக்கு வந்து நின்ன நெலையில சொல்லப் பயமாப் போச்சு. கம்பெனியில வெளிய போகையில பையைக் கொட்டிப் பாப்பாக மேடம். ஒரு துண்டுத் துணி இருந்தாலும் திருட்டுப் பட்டம்தான்."

அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஸ்டூலைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, எது எதைத் தேட வேண்டும் என்று காட்டினேன். கடையில் வாங்கிய மிளகாயோடு எல்லாம் கலந்து கிடந்தது. தொப்பி இருந்தால் அந்தப் பக்கம், துளை இருந்தால் இந்தப் பக்கம்.

"இன்னைக்கு டேமேஜ்தான் ஓகே பீஸ், அக்கா."

"தலைகீழ் செக்கிங்" என்று சொல்லிச் சிரித்தார். கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தும் பிடிபடாததை ஆள்காட்டி விரலால் தடவிப் பார்த்தார். சந்தேகமானதை என்னிடம் நீட்டினார். டீ ஆறிப்போனது. ஒரு கைப்பிடி கூடச் சேராது என்று நினைத்தேன், இரண்டு கைப்பிடி சேர்ந்தது. வெயிலில் காய்ந்த விதை முளைக்கும். மில்லுக்குப் போயிருந்தால் முளைக்காது.

பாதி வேலையில் அக்கா தலையைத் தூக்காமல் கேட்டார். "இது வந்துட்டா பறிப்புக்கு ஆள் எடுக்க மாட்டீகள்ல மேடம்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "எடுக்க மாட்டாங்க அக்கா" என்றேன்.

அவர் கை நிற்கவில்லை. துளை உள்ள ஒரு மிளகாயை எடுத்து என் பக்கம் வைத்தார், அடுத்ததை எடுத்தார். எல்லாம் முடிந்ததும் ஒரு பாலித்தீன் பையில் போட்டு முடிச்சிட்டு என்னிடம் கொடுத்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. தெரிந்துமா கொடுக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"தப்பாத் தச்ச பீஸை யாரு தச்சாகளோ அவுகதான பிரிச்சு ஆல்டர் பண்ணிக் குடுக்கணும்" என்றார். "பிடுங்குனது நாந்தான மேடம்."

சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பினேன். மறுநாள் முதலாளியின் மேசையில் பையை வைத்து, யார் கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் ஒரு மிளகாயை எடுத்துத் துளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்தம்மாள வரச் சொல்லுங்க" என்றார். கொடௌன் பேச்சு அத்தோடு நின்றது.

விதை முளைத்தது. மிளகாய்ப் பூவில் தேனீ வேறு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து கொஞ்சம் விளையாடிவிடும், அதனால் சில செடிகள் பழையபடி காம்பைப் பிடித்துக்கொண்டு நின்றன. மற்றவை எல்லாம் அம்மாவைப் போலவே. நாற்று நட்டது, தண்ணீர் கட்டியது, சரியான செடிகளுக்குத் துணி கட்டியது எல்லாம் அக்காதான். முதல் துணியைக் கட்டும்போது, "மார்க் போட்டா ஓகே, மார்க் போட்டா ஓகே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது காதில் விழுந்தது. அடுத்த பருவத்தில் பாத்திகளாக இருந்தவை வயலாக ஆயின. முதலிபாளையத்தில் ஒரு லேத் பட்டறைக்காரர் முறுக்குத் தண்டு வைத்துச் சின்னதாக ஒரு இயந்திரம் செய்துகொடுத்தார். பவர் டில்லரில் மாட்டி ஓட்டுகிற மாதிரி.

போன மாதம் அதை வயலில் இறக்கினோம். முதலாளி வெள்ளை வேட்டியோடு வரப்பில் நின்றார். நான் சாமி கும்பிடுகிறவள் இல்லை, அன்றைக்குக் கும்பிட்டேன். தண்டுகள் சுழன்று செடிகளைக் கோதிக்கொண்டு போக, பழங்கள் சடசடவென்று தட்டில் விழுந்தன. காம்புகள் செடியிலேயே நின்றன. இலையும் சருகும் கொஞ்சம் கலந்து வந்தன, அதை ஊதித் தள்ளப் பட்டறைக்காரர் ஒரு காற்றாடி வைப்பதாகச் சொன்னார். முதலாளி பழத்தை அள்ளி அள்ளிப் பார்த்தார். நானும் ஒன்றை எடுத்துத் துளையைப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. வழக்கமாகப் பத்துப் பேர் நாள் முழுக்கக் குனிந்து பறிக்கிற வயல் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்தது.

அக்கா இயந்திரத்துக்குப் பின்னால் நடந்து, கீழே சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். அதிகம் சிந்தவில்லை. கடைசிப் பாத்தி முடிந்ததும் கூடையை இறக்கி வைத்தார். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்து நின்றார்.

"அடுத்து என்ன வேலை மேடம்?"

நான் வயலைப் பார்த்தேன். மிச்சம் வேலை எதுவும் அதில் இல்லை.